மீன் குழம்புக்குச் செனினா, சொவின்யோனா?

வீட்டில் வழக்கமாக ஒரே வகை வெள்ளை ஒயின் வாங்கலாம் என்று நானும் மனைவியும் யோசித்தபோது, கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு: செனின் பிளாங், சொவின்யோன் பிளாங். நாசிக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் இந்த இரண்டும் புதுச்சேரிக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. கொஞ்ச காலம் மாற்றி மாற்றி வாங்கி, வீட்டில் என்ன சமையலோ அதோடு குடித்துப் பார்த்தோம். இப்போது வாங்குவது செனின்தான்.

இரண்டுக்கும் பொதுவானதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒயின்களுக்குப் பெயர் தந்த இரண்டு திராட்சைகளுமே பிரான்சின் லுவார் ஆற்றுச் சமவெளியில் பேர்பெற்றவை. இரண்டிலும் நல்ல புளிப்பு உண்டு. ஆல்கஹால் 12, 13 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மீனுக்குச் சிவப்பு ஒயினைவிட வெள்ளை ஏன் பொருந்துகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒயினில் இரும்புச் சத்து கூடும்போது மீனோடு சேர்ந்து கவிச்சி வாடை கிளம்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். பொதுவாகச் சிவப்பில்தான் இரும்பு அதிகம். சரி, இனி நம் அடுப்பங்கரைக்கு வருவோம்.

வெளிநாட்டு ஒயின் பட்டியல்களில் மீனுக்குச் சொவின்யோன் என்று போட்டிருப்பார்கள். அங்கே மீன் என்றால் வெண்ணெயில் வாட்டி, எலுமிச்சை பிழிந்த மீன். நம் வீட்டு மீன் குழம்பில் புளியும் மிளகாய்த்தூளும் சேர்ந்து வருகின்றன. ஒயினை முடிவு செய்ய வேண்டியது மீனை வைத்து அல்ல, இந்த இரண்டையும் வைத்துத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் புளி. புளியின் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம். திராட்சையிலும் அதேதான் முக்கிய அமிலம். குழம்பு ஊற்றிய சோற்றை ஒரு வாய் சாப்பிட்டதும் நாக்கு புளிப்புக்குப் பழகிவிடும். அடுத்து ஒயினைக் குடித்தால், அதில் இருந்த புளிப்பு பாதி காணாமல் போனது போலத் தெரியும். ஒயினில் புளிப்பு போதாவிட்டால் அது சப்பென்று ஆகிவிடும். இந்தச் சோதனையில் செனின், சொவின்யோன் இரண்டுமே தேறிவிடுகின்றன. நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரையில் அறுவடை நடக்கிறது. பழம் முழுக்கக் கனிந்து புளிப்பை இழக்கும் முன்பே பறித்துவிடுவதால் தேவையான அமிலம் தங்குகிறது.

அடுத்து காரம். இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. மிளகாயில் இருக்கும் கேப்சைசின் நாக்கில் எந்த உணர்விகளைத் தூண்டி எரிச்சலைக் கொடுக்கிறதோ, அவற்றையே ஆல்கஹாலும் தூண்டுகிறது. அதனால் காரமான குழம்புக்கு மேல் ஒயின் குடித்தால் எரிச்சல் ஏறும், ஒயினில் இருக்கும் லேசான கசப்பும் முன்னால் வந்து நிற்கும். இனிப்பு அந்த எரிச்சலை மட்டுப்படுத்தும். இங்கே கிடைக்கும் சொவின்யோனில் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாக மாறியிருக்கும், ஆகவே காரத்தைத் தாங்க அதில் எதுவும் இல்லை. நாசிக் செனினில் பல வகைகளை, சர்க்கரை முழுவதும் மாறுவதற்கு முன்பே நொதித்தலை நிறுத்தி, கொஞ்சம் இனிப்போடு விடுகிறார்கள். 2000-இல் முதல் ஒயினை வெளியிட்ட நாசிக் நிறுவனமான சூலாவின் செனின் அப்படித்தான் இருக்கும்.

வஞ்சிரக் குழம்போடு இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துப் பார்த்தால் இது உடனே புரியும். சொவின்யோனின் நல்ல வாசனை முதல் வாயோடு போய்விட்டது, பிறகு பச்சைக் கசப்பும் தொண்டையில் ஒரு சூடும்தான் மிச்சம். “இது குழம்போட சண்டை போடுது” என்றாள் மனைவி. செனினில் பேரிக்காய், கொய்யா மாதிரியான ஒரு பழ ருசி கடைசிவரை நிற்கிறது. அதன் இனிப்பும் குழம்பு சாப்பிடும்போது இனிப்பாகத் தெரிவதில்லை, காரத்தை அடக்குவதில் கரைந்துபோகிறது. வடகம் போட்டுத் தாளித்த குழம்பு என்றால் இன்னும் அருமை. வெங்காயமும் பூண்டும் வெயிலில் காய்ந்து ஏறிய அந்த மணத்துக்குப் பழ ருசியுள்ள ஒயின் நன்றாக ஒத்துப்போகிறது. மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய்ச் சத்துள்ள மீனில் செனினின் புளிப்பு வாயைச் சுத்தமாக்கி அடுத்த கவளத்துக்குத் தயாராக்கும். இறால் தொக்குக்கும் நண்டு மசாலாவுக்கும் இதே கணக்குதான்.

சொவின்யோனுக்கு உரிய இடத்தையும் கொடுக்க வேண்டும். அதில் இருக்கும் பைரசின் என்ற வாசனைப் பொருள் குடைமிளகாயிலும் இருக்கிறது. ஆகவே பச்சை வாசம் உள்ள எல்லாவற்றோடும் அது சேரும். முருங்கைக்கீரைப் பொரியல், கொத்தமல்லித் துவையல், கறிவேப்பிலை தூவி எலுமிச்சை பிழிந்த நெத்திலி வறுவல் ஆகியவற்றோடு சொவின்யோன் செனினை முந்திவிடும். குபேர் மார்க்கெட்டில் நல்ல நெத்திலி கிடைத்து, மிளகாய்த்தூளைக் குறைத்துப் பொரிக்கப் போகிறேன் என்றால் நானே அதைத்தான் வாங்குவேன். சாப்பாடு இல்லாமல் தனியாகக் குடிக்கவும் எனக்கு அதுவே பிடிக்கும். ஆனால் வாரத்தில் எத்தனை நாள் அப்படிச் சமைக்கிறோம்? எங்கள் வீட்டில் புளி இல்லாத நாள் அரிது.

சாம்பாருக்குச் செனின் பரவாயில்லை, ஆனால் அதற்காகப் பாட்டிலைத் திறக்க மாட்டேன். ரசத்தோடு எந்த ஒயினும் வேண்டாம். மிளகும் சூடும் சேர்ந்து எதையும் ருசிக்க விடாது. பண்ருட்டி முந்திரி அரைத்துவிட்ட குருமா, தேங்காய்ப்பால் சொதி போன்றவற்றுக்கு மரப்பீப்பாயில் வைத்த ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் பொருந்தும் என்பார்கள். நான் குடித்தவரையில் குருமாவோடு சரியாகத்தான் இருந்தது, ஆனால் அடிக்கடி வாங்காததால் அடித்துச் சொல்ல மாட்டேன். ரீஸ்லிங் என்ற இன்னொரு வெள்ளை ஒயினிலும் புளிப்பும் இனிப்பும் சேர்ந்தே வருவதால் அது செனினுக்கு நல்ல போட்டி என்று தோன்றுகிறது. அதிலும் என் அனுபவம் குறைவுதான்.

பாட்டிலைத் திறந்த பிறகு என்ன ஆகிறது என்பதிலும் எனக்குச் செனின்தான் வசதி. இருவர் மட்டும் குடிக்கும் வீட்டில் 750 மில்லி ஒரே ராத்திரியில் தீராது. சொவின்யோனின் அழகே அதன் வாசனை. காற்றுப் பட்டால் அதுதான் முதலில் போகும், மறுநாள் பாதி ஒயின்தான் கையில் இருக்கும். செனின் அதன் இனிப்பையும் புளிப்பையும் நம்பி நிற்பதால், மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்றாம் நாளும் குழம்போடு குடிக்கலாம். மறுநாள் மீன் குழம்பின் ருசி தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எதை வாங்கினாலும் எட்டிலிருந்து பத்து டிகிரியில் குடியுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்தால் போதும். மே மாதத்தில் அதுவும் வேண்டாம், கிளாஸில் ஊற்றியதும் தானே சூடேறிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு பாட்டிலைத் திரும்ப உள்ளே வையுங்கள். செனின் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள், சில நிறுவனங்கள் இனிப்பே இல்லாத செனினும் செய்கின்றன. அது குழம்புக்கு ஆகாது. கடலூர்க்காரர்கள் தங்கள் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டிப் பாட்டில் கொண்டுபோவது குற்றம்.