டிராக்டர், பம்புசெட், பைக்: டெல்டா வெயிலுக்கு எந்த கிரேடு ஆயில்?

குறுவைக்கு மேட்டூர் திறக்கும் ஜூன் மாதம் வந்துவிட்டால், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் ஆயில் கடைகளில் இந்தப் பேச்சு கட்டாயம் காதில் விழும்: "நம்ம வெயிலுக்கு கெட்டி ஆயில்தாண்ணே தாங்கும்." 15-ஐ விட 20 கெட்டி, 40-ஐ விட 50 கெட்டி, அப்போது 20டபிள்யூ-50தான் எல்லாவற்றிலும் ஒசத்தி என்று ஒரு கணக்கு. டப்பாவில் இருக்கும் இரண்டு எண்களும் இரண்டு வேறு சோதனைகள். அதில் முதல் எண்ணுக்கு நம் ஊரில் அவ்வளவு வேலை இல்லை.

முன்னால், டபிள்யூவுடன் வரும் எண் குளிருக்கானது; டபிள்யூ என்றால் விண்டர். 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும், 15டபிள்யூவை மைனஸ் 20-லும், 10டபிள்யூவை மைனஸ் 25-லும் வைத்து, இன்ஜினைச் சுழலவிடாமல் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்கிறார்கள். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிற அளவுதான் நம் ஊர்க் குளிர். பின்னால் வரும் எண் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது. இதை சென்டிஸ்டோக் என்ற அலகில் சொல்வார்கள், எண் கூடினால் கெட்டி கூடும்: 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9-க்குள். இதில் எது வேண்டும் என்பதை வெயிலை விட, பேரிங்கில் விட்டிருக்கும் இடைவெளியும் ஆயில் பம்பும்தான் தீர்மானிக்கின்றன. இன்ஜினைச் செய்தவர்கள் அதைப் பார்த்துத்தான் மேனுவலில் எழுதியிருக்கிறார்கள்.

டிராக்டரில் போட்டி 15டபிள்யூ-40-க்கும் 20டபிள்யூ-40-க்கும். இன்ஜின் சூடேறிய பிறகு இரண்டும் ஒரே 40. கடும் சூட்டில் பேரிங்குக்குள் நசுங்கும்போது குறைந்தது எவ்வளவு கெட்டி இருக்க வேண்டும் என்று ஒரு அளவு உண்டு. அதுவும் இரண்டுக்கும் ஒன்றேதான். 40 டிகிரியில் மட்டும் வித்தியாசம் தெரியும்: 15டபிள்யூ-40 பொதுவாக 110 சென்டிஸ்டோக் பக்கம், 20டபிள்யூ-40 சுமார் 130. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முதலாவது கொஞ்சம் சீக்கிரம் மேலே ஏறும். அவ்வளவுதான்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? டப்பாவின் பின்பக்கம் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) என்று போட்டு, பக்கத்தில் சிஎஃப்-4, சிஐ-4 என்று தரக் குறி பொடி எழுத்தில் இருக்கும். நான் எண்ணை விட இதைத்தான் முதலில் படிப்பேன். சேற்றுழவை நினைத்துப் பாருங்கள். கேஜ் வீல் மாட்டி, முட்டளவு சேற்றில், வண்டி நகர்வது மெதுவாக, இன்ஜினுக்கோ முழுப் பாரம். ரேடியேட்டர் வலையில் சேறு அப்பியிருக்கும். அறுவடை நேரமென்றால் வைக்கோல் தூசு அடைத்திருக்கும். இந்த உழைப்பில் வரும் கரியைத் திரளவிடாமல் சுமப்பதும், பிஸ்டன் ரிங் ஒட்டாமல் காப்பதும் ஆயிலில் கலந்திருக்கும் மருந்துகளின் வேலை. சிஎஃப்-4 என்பது 1990-இல் வந்த தரம், சிஐ-4 2002-இல் வந்தது. விலை மலிவான 20டபிள்யூ-40 டப்பாக்களில் பழைய தரமே இன்னும் நிறைய இருக்கிறது. 15டபிள்யூ-40-இல் சிஐ-4 எளிதாகக் கிடைக்கிறது. அதனால்தான் என் ஓட்டு 15டபிள்யூ-40-க்கு. அதே சிஐ-4 தரத்தில் 20டபிள்யூ-40 கிடைத்து, மேனுவலும் அதை ஒத்துக்கொண்டால், தாராளமாக ஊற்றலாம்.

போட்ட சில மணி நேரத்திலேயே ஆயில் கறுத்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். டீசல் இன்ஜினில் அது கரியைச் சுமக்கத் தொடங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். பழைய டிராக்டர் நீலப் புகை விட்டு ஆயில் குடிக்கிறதென்றால், 50-க்கு மாறினால் குடிப்பது கொஞ்சம் குறையலாம். தேய்ந்த ரிங் தேய்ந்ததுதான். புது டிராக்டரில் கரி பிடிக்கும் ஃபில்டர் சைலன்சர் பக்கம் இருந்தால் சாம்பல் குறைந்த சிஜே-4 அல்லது சிகே-4 தரம்தான் வேண்டும். அப்புறம், கியர் ஆயிலின் 90-ஐ இன்ஜின் ஆயிலின் 40-உடன் ஒப்பிடாதீர்கள். அது வேறு அளவுகோல். அந்த 90, இன்ஜின் ஆயில் 40, 50-க்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

டீசல் பம்புசெட்டில் கதை வேறு. ஒற்றை சிலிண்டர், நிமிடத்துக்கு 1500 சுற்று, ஒரே சீரான பாரம். இங்கே ஒற்றை எண் போட்ட 40-உம் 20டபிள்யூ-40-உம் மோதுகின்றன. சூட்டில் ஆயில் ரொம்ப இளகாமல் இருக்கச் சேர்க்கும் பாலிமர் ஒற்றை கிரேடில் கிடையாது, ஆகவே அது அரைபட்டு ஆயில் இளகும் பேச்சே இல்லை. 20டபிள்யூ-40-இல் பாலிமர் உண்டு. ஆனால் விடியற்காலையில் கைப்பிடி போட்டுச் சுற்றும்போது சற்று இளக்கமாக இருக்கும். மேனுவல் இரண்டையும் அனுமதித்தால், கையால் சுற்றுகிறவர் 20டபிள்யூ-40 வாங்கட்டும், மற்றவருக்கு ஒற்றை 40 போதும். எதைப் போட்டாலும் ஆயில் குச்சியைப் பாருங்கள். மட்டம் தானாக ஏறியிருந்தால், குச்சியில் டீசல் வாடை அடித்தால், ஆயிலுக்குள் டீசல் இறங்குகிறது. அப்போது 40 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது 40 அல்ல.

பைக்கில்தான் கெட்டி ஆயில் மோகம் அதிகம். 10டபிள்யூ-30-ஐ ஊற்றினால் தண்ணி மாதிரி ஓடுகிறது, 20டபிள்யூ-40 போடுங்கள் என்று பட்டறையில் சொல்வார்கள். 40 டிகிரியில் 10டபிள்யூ-30 சுமார் 70 சென்டிஸ்டோக்தான், ஆகவே கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஸ்பிளெண்டர் மாதிரி 100 சிசி வண்டிக்கு நிறுவனமே சொல்வது 10டபிள்யூ-30. அதில் கெட்டி ஆயில் போட்டால், குளிர்ந்த இன்ஜினில் ஹெட்டுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜும் கொஞ்சம் அடிபடும். மேனுவலில் 20டபிள்யூ-40 என்று இருக்கும் பழைய வண்டிக்கு அதையே போடுங்கள். புல்லட் வகைக்கு 15டபிள்யூ-50 என்றால் அதுவேதான்.

பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். ஆகவே டப்பாவில் ஜாசோ (ஜப்பான் வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்க வேண்டும். டிராக்டருக்கு வாங்கி மிஞ்சியதையோ கார் ஆயிலையோ பைக்கில் ஊற்றுவது டெல்டாவில் சாதாரணம். வழுக்கும் மருந்து கலந்த கார் ஆயில் கிளட்ச் பிளேட்டை நழுவவிடும்; பின்னால் உர மூட்டை வைத்துப் பாலம் ஏறும்போது இன்ஜின் அலறும், வண்டி நகராது. ஸ்கூட்டருக்குக் கிளட்ச் ஆயிலில் மூழ்குவதில்லை, அதற்கு ஜாசோ எம்பி குறி போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரில் மூழ்கிய வண்டிக்கு கிரேடு கணக்கே கிடையாது. குச்சியில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. முழுக்க வடித்து, ஃபில்டரையும் மாற்றி, புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி வடியுங்கள். இந்த முதல் சுற்றுக்கு மேனுவல் சொன்ன கிரேடிலேயே விலை குறைந்தது போதும்.