ரத்த அழுத்த மருந்துகளுக்கு ஓயாசிஸ் எச்எல்பி காட்ரிட்ஜ்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

பிளாஸ்மாவில் சார்ட்டான்களையும் (வல்சார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்றவை) அம்லோடிபினையும் சேர்த்து அளப்பவர்கள் வாட்டர்ஸ் நிறுவனத்தின் ஓயாசிஸ் எச்எல்பி காட்ரிட்ஜை (மருந்தைப் பிடித்துவைக்கும் பாலிமர் அடைத்த சிறு குழாய்; 30 மில்லிகிராம், 1 மில்லி) தயங்காமல் வாங்கலாம். அட்டெனலாலும் அதிலேயே சிக்கிவிடும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

அசிட்டோநைட்ரைல் ஊற்றிப் புரதத்தை வீழ்த்துவது மலிவு, வேகமும்கூட. ஆனால் மூன்று பங்கு ஊற்றினால் மாதிரி நான்கு மடங்கு நீர்த்துவிடும். 10 மில்லிகிராம் அம்லோடிபின் எடுத்தவருக்கு உச்ச அளவே மில்லிக்குச் சில நானோகிராம்தான். அதையும் நீர்த்துவிட்டால் யூவி டிடெக்டருக்கு எதுவும் மிஞ்சாது. காட்ரிட்ஜில் மாதிரி சுத்தமாவதோடு செறிவும் கூடுகிறது. டைவினைல்பென்சீனும் என்-வினைல்பிரோலிடோனும் சேர்ந்த பாலிமர் என்பதால், சி18 சிலிக்காவைப் போல நடுவில் காய்ந்துவிட்டால் பிடிப்பை இழப்பதில்லை. மேனிஃபோல்டில் (காட்ரிட்ஜ்களைச் செருகி வேக்கத்தால் உறிஞ்சும் பெட்டி) ஒரே நேரத்தில் பல காட்ரிட்ஜ்களைப் பார்த்துக்கொள்பவருக்கு இதன் அருமை தெரியும்.

உறைந்து உருகிய பிளாஸ்மாவை முதலில் 10,000 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றுங்கள். ஃபைப்ரின் இழைகள்தான் பெரும்பாலும் காட்ரிட்ஜை அடைக்கின்றன. காட்ரிட்ஜில் 1 மில்லி மெத்தனால், பிறகு 1 மில்லி நீர் விடுங்கள். 200 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவுடன் இன்டர்னல் ஸ்டாண்டர்டையும் (ஒப்பிடுவதற்காகத் தெரிந்த அளவில் சேர்க்கும் பொருள்), அதே அளவு 4% பாஸ்பாரிக் அமிலத்தையும் கலந்து ஏற்றுங்கள். டெல்மிசார்ட்டான் 99 சதவீதத்துக்கு மேல் புரதத்தோடு ஒட்டியிருக்கும். அந்தப் பிடியை அமிலம் தளர்த்துகிறது. வல்சார்ட்டானின் அமிலத் தொகுதிகளும் அயனியாகாமல் பாலிமரில் தங்கும். வேக்கத்தைக் கூட்டி அவசரப்படுத்தினால் காட்ரிட்ஜுக்குக் காட்ரிட்ஜ் மீட்பு (திரும்பக் கிடைக்கும் மருந்தின் விகிதம்) மாறும். சொட்டுச் சொட்டாக இறங்கட்டும்.

5% மெத்தனால் 1 மில்லியில் கழுவி, மெத்தனால் அரை மில்லி வீதம் இருமுறை விட்டு மருந்தை இறக்குங்கள். 40 டிகிரியில் நைட்ரஜன் ஊதி உலர்த்த பாலிப்ரொப்பிலீன் குழாய் நல்லது. குறைந்த அளவில் அம்லோடிபின் கண்ணாடியில் ஒட்டும். வெளிச்சமும் அதற்கு ஆகாது. மீண்டும் கரைக்க 0.1% ஃபார்மிக் அமிலமும் மெத்தனாலும் சமபங்கு: வெறும் நீரில் டெல்மிசார்ட்டான் கரையவே கரையாது.

மெத்தனாலோடு ஓரளவு பாஸ்போலிப்பிடும் (பிளாஸ்மாவிலுள்ள கொழுப்பு வகை) இறங்கிவிடும் என்பது இதன் குறை. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள் பாஸ்போலிப்பிடைக் காட்டிக்கொடுக்கும் 184 அயனியைக் (m/z 184) கண்காணித்து, அது வெளிவரும் நேரத்தில் மருந்தின் பீக் விழாதபடி கிரேடியன்டை (கரைப்பான் கலவை மாறும் விதத்தை) மாற்ற வேண்டும். இல்லையென்றால் அயனியாக்கம் அமுங்கி, ஒவ்வொருவர் பிளாஸ்மாவிலும் ஒவ்வொரு விடை வரும்.

அட்டெனலால் ஒரு காரம், அதன் பிகேஏ (எந்த பிஎச்சில் பாதி அயனியாகும் என்ற எண்) 9.6. அமிலத்தில் நேர்மின் ஏற்று நீரோடு போய்விடும். அதற்கு நேர்மின் அயனிகளைப் பிடிக்கும் எம்சிஎக்ஸ் காட்ரிட்ஜே சரி: கழுவ 2% ஃபார்மிக் அமிலம், பிறகு மெத்தனால், கடைசியில் மருந்தை இறக்க 5% அம்மோனியா கலந்த மெத்தனால். வல்சார்ட்டான் நடுவிலுள்ள மெத்தனாலிலேயே வந்துவிடும், கழுவுநீர் என்று கொட்டிவிடாதீர்கள். எனலாப்ரில் பீக் இரண்டாகப் பிளந்தால் காட்ரிட்ஜைக் குறை சொல்ல வேண்டாம். புரோலின் பிணைப்பின் இரு வடிவங்கள் மெதுவாக மாறுவதால் வருவது அது. குரோமடோகிராஃபி பிரிப்புக் குழாயின் (column) வெப்பநிலையைக் கூட்டினால் சேரும்.

இன்டர்னல் ஸ்டாண்டர்டாக டியூட்டீரியம் ஏற்றிய அதே மருந்து இருந்தால் நல்லது. சிக்கனத்துக்கு இர்பிசார்ட்டானைப் போடுபவர்கள், நோயாளி அதையே சாப்பிடுகிறாரா என்று முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள்.