கப்பியா, ஃபைட்டரா: வீட்டில் குட்டி எடுக்க எது சரி?

சென்னை கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் நின்றால் போதும், யாராவது ஒருவர் கேட்பது காதில் விழும்: "அண்ணே, வீட்டுல பிரீடிங் பண்ணிப் பாக்கணும். கப்பி எடுக்கவா, ஃபைட்டர் எடுக்கவா?" மூன்று வருடத்துக்கு முன் நானும் அதையே கேட்டேன். முதலில் ஃபைட்டர் எடுத்தேன், பிறகு இரண்டையும் சேர்த்து வைத்திருந்தேன். இப்போது எங்கள் மொட்டை மாடியில் குட்டி எடுப்பது கப்பியில் மட்டும்தான். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பது தெரிந்தே படியுங்கள்.

இரண்டுக்கும் பொதுவானதை நீட்ட வேண்டாம். இரண்டும் சின்ன மீன், விலை மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். நம்மூர்ச் சூட்டில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் ஹீட்டர் தேவைப்படாது, மார்கழி இரவுகளில் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். அழகு எது என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது.

குட்டி எடுக்கும் நிகழ்வை மட்டும் வைத்துப் பார்த்தால் ஃபைட்டர் பக்கத்தில் கப்பி நிற்கவே முடியாது. தாய்லாந்து 2019இல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக இந்த மீனை அறிவித்தது. ஒரு முறை இது முட்டையிடுவதைப் பார்த்தவருக்கு அதன் நியாயம் புரியும். ஒரு டப்பில் அரை அடிக்கும் குறைவாகத் தண்ணீர், ஒரு காய்ந்த பாதாம் இலை, மேலே மிதக்க ஒரு தெர்மாகோல் துண்டு. ஆண் மீன் அந்தத் துண்டுக்கு அடியில் வாயால் குமிழ் குமிழாக விட்டு நுரைக்கூடு கட்டும். அடி வெட்டிய பாட்டிலுக்குள் ஒரு நாள் நிறுத்தி வைத்த பெண்ணின் உடம்பில் செங்குத்தான கோடுகள் வந்ததும் திறந்து விட்டேன். கொஞ்ச நேரத் துரத்தலுக்குப் பிறகு ஆண் தன் உடம்பை வளைத்து அதைச் சுற்றிக்கொள்ளும். இரண்டும் சில நொடி அசையாமல் நிற்கும். பிறகு ரவை உதிர்வதுபோல் வெள்ளை முட்டைகள் கீழே இறங்கும். ஆண் பாய்ந்து போய் ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி வந்து கூட்டில் ஒட்டும். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும். ஒன்றரை நாளில் குஞ்சுகள் வாலைக் கீழே தொங்கவிட்டபடி கூட்டில் ஆடும், நழுவி விழுவதை அப்பன் மறுபடி தூக்கி வைக்கும். அந்த இரண்டு இரவும் நான் தூங்கப் போகவே இல்லை.

கப்பியில் இந்தக் காட்சியெல்லாம் கிடையாது. ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்தால் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை குட்டி. பெண்ணின் வயிற்றடியில் உள்ள கரும்புள்ளி அடர்ந்து, வயிறு உருண்டை மாறிச் சதுரமாகத் தெரிந்தால் இன்றோ நாளையோ என்று கணக்கு. குட்டிகள் பிறந்ததுமே நீந்தும், அன்றைக்கே ஆர்ட்டீமியா (பொடி இறால் குஞ்சு) தின்னும், நன்றாகப் பொடித்த தீவனமும் தின்னும். தாயே தின்றுவிடும் என்பதால் ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசியைக் கொஞ்சம் அடர்த்தியாகப் போட வேண்டும். ஃபைட்டர் குஞ்சுக்கோ முதல் வாரம் இன்ஃபுசோரியா, அதாவது கண்ணுக்குத் தெரியாத நீர் நுண்ணுயிர்கள் வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆர்ட்டீமியாவுக்கு வாய் திறக்கும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உருவாகும் மூன்றாவது, நான்காவது வாரங்களில் டப்பை மூடி வைத்து, நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் காற்றும் வெதுவெதுப்பாக இருக்கும்படி பார்க்க வேண்டும். முதல் முறை எனக்கு அது தெரியாமல் முக்கால்வாசி போய்விட்டது. இரண்டாம் முறை நன்றாக வந்தது.

நன்றாக வந்த அந்த இரண்டாம் முறைதான் என் முடிவை மாற்றியது.

இதை விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குகிற நாளில் யாரும் மூன்றாவது மாதத்தை நினைப்பதில்லை. இரண்டு மாத முடிவில் என்னிடம் 140 குஞ்சுக்கு மேல் இருந்தன. ஏழாவது எட்டாவது வாரத்தில் ஆண்கள் ஒன்றை ஒன்று கடிக்கத் தொடங்கின. ஒரு வால் கிழிந்தால் அந்த மீனின் மதிப்பே போய்விடும், ஆகவே ஒவ்வொரு ஆணையும் தனி பாட்டிலில் போட்டாக வேண்டும். எண்ணிப் பார்த்தேன், 64 ஆண்கள். 64 பாட்டில்கள், நடுவில் ஒன்றை ஒன்று பார்க்காதபடி 63 அட்டைத் துண்டுகள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஃபில்டர் கிடையாது, தின்றதும் கழித்ததும் அதற்குள்ளேயே இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றாவிட்டால் அம்மோனியா ஏறி, துடுப்பின் ஓரம் கருகிச் சுருங்கும்.

தினம் 32 பாட்டில் என்று பிரித்துக்கொண்டேன். பாட்டிலை எடுத்து, முக்கால் தண்ணீரைச் சாய்த்து, உள்சுவரின் வழவழப்பை விரலால் துடைத்து, முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீரை மெல்ல ஊற்றி, அட்டையை மறுபடி வைக்க மூன்று நிமிடம். அதுவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 64 வாய்க்கும் இரண்டு வேளை தனித்தனியாகத் தீவனம் போடுவதையும் சேர்த்தால் தினம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். இது ஒரு வாரமோ இரண்டு வாரமோ இல்லை. ஹாஃப்மூன் என்ற அரைவட்ட வால் வகை ஆணுக்கு வால் முழுதாக விரிய நான்கைந்து மாதம் ஆகும், அதுவரை கடைக்காரரும் எடுக்க மாட்டார். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு நாள்கூட விடாமல் இதைச் செய்தேன். பொங்கலுக்கு மூன்று நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி தீவனம் போட்டான், தண்ணீர் மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வந்தபோது ஒன்பது மீன் பாட்டிலடியில் கிடந்தது. முட்டையாக இருந்தபோதே நான் பார்த்த மீன்கள் அவை.

கப்பியின் மூன்றாவது மாதத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். ஒரு ஈற்றுக்கு எனக்கு இருபதிலிருந்து நாற்பது குட்டி வரும். ஆணும் ஆணும் சண்டை போடாது. ஆண்களுக்கு ஒரு டப், பெண்களுக்கு ஒரு டப், குட்டி போடும் தாய்களுக்கு ஒரு டப், ஆக ஒரு லைனுக்கு (ஒரே வம்சமாகக் காக்கும் வகைக்கு) மூன்று. என்னிடம் மூன்று லைன், ஒன்பது டப், எல்லாவற்றிலும் ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒரே ஒரு ஏர் பம்ப். தினம் கால் மணி நேரம் தீவனத்துக்கு. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் கால்வாசித் தண்ணீர் மாற்ற. மூன்று நாள் ஊருக்குப் போனால் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. வேலைக்குப் போகிறவருக்கு, வீட்டில் குழந்தையோ வயதானவரோ இருப்பவருக்கு இந்த ஒரு வித்தியாசம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

தண்ணீரிலும் சென்னைக்காரர்களுக்குக் கப்பியே வசதி. எங்கள் போர் தண்ணீர் கடினமானது, பக்கெட்டில் வெள்ளை படியும். கப்பிக்கு அந்தக் கடினநீர்தான் பிடிக்கும். ஃபைட்டர் அதில் வாழும், ஆனால் முட்டை எடுக்க நான் மழைநீரைப் பாதிக்குப் பாதி கலந்தேன்.

கப்பியில் வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலை வேறு இடத்தில் இருக்கிறது, அடையாளம் பார்ப்பதில்.

என் முதல் கப்பி ஜோடி ப்ளூ கிராஸ் (Blue Grass) வகை. நீலத்தில் பொடிப் புள்ளி தெளித்த வால், நல்ல ஆண். பெண்ணை மட்டும் கலவைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். பிறந்த ஆண் குட்டிகளில் பாதிக்கு உடம்பில் பாம்புத்தோல் வரி வந்தது. ப்ளூ கிராஸில் அது வரக்கூடாது. கடையில் போய்ச் சொன்னேன். அங்கே ரொம்ப நாளாக மீன் எடுத்துவரும் பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, அது பழைய ஆணோட குட்டி. பொட்டை வயித்துல அவன் இன்னும் இருக்கான். நாலஞ்சு ஈத்து அப்படித்தான் வரும்."

அவர் சொன்னது முழு உண்மை. கப்பிப் பெண் ஒரு முறை கூடியதும் விந்தணுவை உள்ளே மாதக்கணக்கில் சேமித்து வைக்கும், அதைக்கொண்டு அடுத்தடுத்துக் குட்டி போடும். ஆண்களோடு ஒரே தொட்டியில் இருந்த பெண்ணை வாங்கினால் அப்பன் யாரென்று யாராலும் சொல்ல முடியாது. பெண்ணின் உடம்பைப் பார்த்தும் அதிகம் தெரியாது. பல வண்ணக் குறிகள் ஆணிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் வழியாக அப்பனிடமிருந்து மகனுக்கு நேராக இறங்குகின்றன. டென்மார்க்கில் விஞ்ஞானிகள் யோஹானஸ் ஷ்மிட் 1920இலும் ஓய்விண்ட் விங்கே 1922இலும் இதே கப்பியை வைத்துத்தான் அதைக் காட்டினார்கள். என் தொட்டியில் வந்த பாம்புத்தோல் வரி, நான் பார்த்தே இராத ஒரு ஆணின் கையெழுத்து.

ஆகவே லைன் சுத்தமாக வேண்டுமென்றால் ஆணும் பெண்ணும் கூடுவதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும். மூன்றாவது வாரத்தில் தொடங்குவேன். வெள்ளை பிளாஸ்டிக் கரண்டியில் ஒரு குட்டியைக் கொஞ்சம் தண்ணீரோடு எடுத்து, பக்கவாட்டில் கைபேசி வெளிச்சத்தைப் பிடிப்பேன். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் அடித்துடுப்பைப் பாருங்கள். பெண்ணுக்கு அது சின்ன விசிறி மாதிரி முக்கோணமாக விரிந்திருக்கும், அதற்குச் சற்று முன்னால் சாம்பல் நிழல்போல ஒரு புள்ளி இருக்கும். ஆணுக்கு அந்தத் துடுப்பின் முன்பக்கக் கதிர்கள் நீண்டு, விசிறி மடங்கிக் குச்சியாகத் தொடங்கும். சந்தேகம் வந்தால் அதை ஆண் டப்பில் போட்டுவிடுங்கள். ஒரு பெண் ஆண்களோடு போனால் நஷ்டம் ஒரு மீன். ஒரு ஆண் பெண்களோடு போனால் அந்த டப் முழுக்க நஷ்டம். வாரம் இரண்டு முறை, முப்பது குட்டிக்கு இருபது நிமிடம். அல்பினோ ஃபுல் ரெட் போன்ற வகைகளில் அந்தப் புள்ளி கருப்பாக இருக்காது, இளஞ்சிவப்பாகக் கலங்கித் தெரியும், அதனால் துடுப்பை மட்டுமே நம்ப வேண்டும். அல்பினோவில் நான் எடுத்தது இரண்டே தலைமுறை, அதைப் பற்றி இதற்குமேல் உறுதியாகப் பேசமாட்டேன்.

எண்ட்லர் என்று விற்பதை வாங்கும்போதும் கவனம் வேண்டும். அது கப்பிக்கு நெருங்கிய, வெனிசுவேலாவைச் சேர்ந்த தனி மீன். 2005இல் தனி இனமாக விவரித்தபோது, மேலே சொன்ன விங்கேயின் பெயரையே வைத்தார்கள். கப்பியோடு தடையில்லாமல் கூடும், பிறக்கும் குட்டிகளும் மலடு இல்லை. கடைத்தொட்டியில் எண்ட்லர் என்று இருப்பவற்றில் கலப்பு நிறைய. சுத்தமாக வைத்திருக்க நினைத்தால் கப்பியோடு ஒரு நாள்கூடச் சேர்த்து வைக்காதீர்கள்.

வம்ச அடையாளத்தில் ஃபைட்டர் கப்பியை வென்றுவிடும் என்பதை மனதாரச் சொல்கிறேன். நீங்கள் தேர்ந்த ஆண், நீங்கள் தேர்ந்த பெண், ஒரே நாள், அத்தனை முட்டையும் அந்த இரண்டுடையது. யார் பிள்ளை என்ற கேள்வியே எழாது. அங்கே இருக்கும் சிக்கல் நிறம். கோய், கேலக்ஸி என்று விற்பவை மார்பிள் மரபணு உள்ளவை, அவற்றின் நிறம் வயதோடு மாறிக்கொண்டே போகும். மூன்று மாதத்தில் வெள்ளையில் சிவப்புத் திட்டாக இருந்த மீனை ஒருவருக்குக் கொடுத்தேன், அடுத்த இரண்டு மாதத்தில் முக்கால்வாசி நீலமாகிவிட்டது என்று படம் அனுப்பினார். குட்டைவால் பிளாக்காட் வகையில் இளம் ஆணையும் பெண்ணையும் பிரிப்பதும் சிரமம். அடிவயிற்று வெள்ளைப் புள்ளியை மட்டும் நம்பினால் தவறிவிடும், இளம் ஆண்களிலும் சில நேரம் அது தெரியும்.

விற்பனை பற்றி. நல்ல ஹாஃப்மூன் ஆண் ஒன்று கப்பி ஜோடியைவிடப் பல மடங்கு விலை போகும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடையில் கேட்பது ஆணை மட்டும். பாதிக்கு மேல் இருந்த பெண்களை நான் தெரிந்தவர்களுக்குச் சும்மாதான் கொடுத்தேன். கப்பியை ஜோடியாகவும், ஓர் ஆண் இரண்டு பெண் கொண்ட ட்ரையோவாகவும் கேட்பார்கள், பெண்ணும் விற்கும், மாதாமாதம் விற்கும். நான் கொடுத்தது இரண்டு கடைகளுக்கும் சில நண்பர்களுக்கும்தான். வெளியூருக்கு அனுப்பி விற்பவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம்.

மிச்சக் குட்டிகளை ஏரியிலோ கால்வாயிலோ விடாதீர்கள். கொசுவை ஒழிக்கக் கொண்டுவந்த கப்பி எங்கே விட்டாலும் பெருகிவிடும், நம் நாட்டு மீன்களின் குஞ்சுகளைத் தின்னும். கடையில் சும்மா கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார்கள்.

ஃபைட்டர்தான் வேண்டும் என்று மனம் பிடித்திருந்தால் நான் தடுக்க மாட்டேன், அந்த நுரைக்கூட்டை ஒரு முறையாவது பார்க்க வேண்டும். மீனுக்கு முன்னால் பாட்டிலை வாங்குங்கள். உங்களால் தினம் எத்தனை பாட்டிலுக்குத் தண்ணீர் மாற்ற முடியும் என்று ஒரு வாரம் வெறும் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். இருபது என்றால், குஞ்சுகள் ஒரு மாதம் ஆகும்போதே நாற்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுத்துவிடுங்கள். கப்பி என்றால், ஆண்கள் கலக்காத டப்பிலிருந்து பெண்ணை எடுத்துத் தருபவரைத் தேடிப் போங்கள். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை ஆணை வாங்காதீர்கள்.