52,000 ரூபாய் கிதாரும் மூன்று ஏடிஎம் கார்டும்: நாலு வருஷ அனுபவம்

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கிதார் இருக்கிறது. ஒன்றின் விலை 52,000. இன்னொன்று அதில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். நாலு வருஷத்தில் மகள் வாசித்த நேரத்தில் முக்கால்வாசி அந்தச் சின்னதில்தான். பெரியது ஒன்றரை வருஷம் பரணில் கிடந்தது. காசு கையில் இருந்தும் எங்கே கோட்டை விட்டோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயசு. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி மேடையில் கிதார் வாசித்ததைப் பார்த்துவிட்டு வந்தவள், ஒரு மாசம் பேட்மிண்டன் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு திரிந்தாள். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பிக்கு விஷயம் போனது. "அக்கா, காசப் பத்தி யோசிக்காத. சின்ன வயசுல நான் கேட்டப்ப அப்பா வாங்கித் தரல. இவளுக்கு இருக்கிறதுலயே நல்லதா வாங்கு. பின்னாடி மாத்துற வேலையே இருக்கக் கூடாது." மறுநாளே பணம் வந்துவிட்டது.

வளர்கிற பிள்ளை என்று யூனிஃபார்மை இரண்டு சைஸ் பெரிசாகத் தைக்கிற புத்திதான் எங்களுக்கும். முழு அளவு, ஸ்டீல் கம்பி, முன்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் அசல் ஸ்ப்ரூஸ் மரம், உள்ளே ஸ்பீக்கரில் இணைக்க உதவுகிற பிக்கப், கூடவே கெட்டிப் பெட்டி. மவுண்ட் ரோடில் 1842-லிருந்து வாத்தியம் விற்கிற மியூசி மியூசிக்கல் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளையின் மடியில் ஒரு தடவைகூட வைத்துப் பார்க்காமல் ஆன்லைனில் ஆர்டர் போட்டோம். பிராண்டைச் சொல்லவில்லை. கிதார் மேல் குற்றமில்லை, தேர்ந்தெடுத்த எங்கள் மேல்தான்.

முதல் வாரம் வீடே அமர்க்களம். மூன்றாவது வாரம் அவளாகப் பெட்டியைத் திறப்பது நின்றது. நான் நினைவுபடுத்தினால் எடுப்பாள். வலது கையை அந்தக் கிதாரின் உடம்பு மேல் போட்டால் தோள் காதுவரை ஏறும். இடது கை ஒட்டகச்சிவிங்கி கழுத்தைப் பிடிக்கிற மாதிரி நீண்டுகிடக்கும். பத்து நிமிஷத்தில் விரல் நுனியில் கம்பி தடம் சிவப்பாகப் பதிந்திருக்கும். "கை வலிக்குதும்மா" என்பாள். "ஆரம்பத்துல எல்லாருக்கும் வலிக்கும்டி" என்பேன், ஏதோ நான் பத்து வருஷம் வாசித்தவள் போல.

பெரம்பூரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாஸ்டர் இருக்கிறார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சேர்த்துவிடப் போனோம். கிதாரைக் கையில் வாங்கியவர் பிராண்டைப் பார்க்கவே இல்லை. "ஏம்மா, ஏடிஎம் கார்டு எத்தனை வச்சிருக்க?" என்றார். ஃபீஸ் விஷயம் என்று நினைத்துப் பர்ஸைத் திறந்தேன். என்னிடம் இரண்டு, வீட்டுக்காரரிடம் இரண்டு. நாலையும் அடுக்கிப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கோடுதான் ஃப்ரெட்), தடிமனான ஆறாவது கம்பிக்கு அடியில் விட்டார். தாராளமாகப் போனது.

கார்டின் கனம் உலகம் முழுக்க ஒன்றுதான், 0.76 மில்லிமீட்டர். மூன்று கார்டு என்றால் கிட்டத்தட்ட 2.3. ஸ்டீல் கம்பி கிதாரில் அந்த இடத்தில் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் வாசிக்கச் சுகம். மூன்று கார்டு போய் நாலாவது முட்ட வேண்டும். எங்களுடையதில் நாலு போன பிறகும் காற்று இருந்தது. "பாப்பா ஒவ்வொரு கம்பியையும் கிணத்துக்குள்ள அழுத்துற மாதிரி அழுத்திக்கிட்டிருக்கு" என்றார். விலை உயர்ந்ததானாலும் பெட்டியிலிருந்து வரும்போதே கம்பி சரியான உயரத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாதாம். கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி போகிறது, ட்ரஸ் ராட் என்பார்கள். அதைத் திருகி, கம்பியைத் தலைப் பக்கம் தாங்குகிற நட், அடிப் பக்கம் தாங்குகிற சேடில் இரண்டையும் ராவி உயரத்தைச் சரிசெய்வதுதான் செட்டப். ஐம்பதாயிரம் போட்டவர்களுக்கு அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்றே தெரியாது.

அடுத்தது நீளம். முழு அளவு கிதாரில் நட்டிலிருந்து சேடில் வரை கம்பி ஏறக்குறைய 650 மில்லிமீட்டர். எட்டு, ஒன்பது வயசுக் கைக்கு 580 பக்கம் இருந்தால் போதும். ஏழு சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்டேன். முதல் நாலு ஃப்ரெட்டின் மொத்த நீளம் பெரியதில் 134 மில்லிமீட்டர், சின்னதில் 120. ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். ஒன்பது வயசுப் பிள்ளையின் சுண்டுவிரலை விரித்து அளந்து பாருங்கள், அது எவ்வளவு பெரிய தூரம் என்று தெரியும்.

உடனே வேறு வாங்கச் சொல்லவில்லை மனுஷன். ஒரு வித்தை செய்தார். ஆறு கம்பியையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கிவிட்டு, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ என்கிற கவ்வியை மாட்டினார். சுருதி பழையபடியே நிற்கும், ஆனால் வாசிக்கிற நீளம் 650-லிருந்து 579-க்கு வந்துவிடும். கம்பியின் இழுப்பும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். கேப்போ கம்பியை ஃப்ரெட்டோடு சேர்த்து அழுத்திவிடுவதால், நட் பக்கம் இருந்த உயரத் தொல்லையும் போய்விடும். பெரிய கிதாரை ஏற்கெனவே வாங்கிவிட்டு முழிக்கிறவர்கள் பெரிய செலவில்லாமல் இன்றைக்கே செய்து பார்க்கலாம். ஒரே சங்கடம், கழுத்தில் இருக்கிற வெள்ளைப் புள்ளிகளின் கணக்கு மாறிவிடும். மூன்றாவது ஃப்ரெட்டின் புள்ளி இப்போது ஒன்றாவது ஃப்ரெட் ஆகிவிடும். மகள் அதில் ஒரு வாரம் குழம்பினாள். மற்றபடி, "வலிக்குது" என்ற வார்த்தை பாதியாகக் குறைந்தது.

ஆனாலும் அந்தப் பெரிய உடம்பு மடியில் உட்காரவில்லை. ஆறு வாரம் கழித்து அவர் சொல்லித்தான் யமஹா சி.எஸ்.40 வாங்கினோம். நைலான் கம்பி, 580 மில்லிமீட்டர், சின்ன உடம்பு. தம்பிக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. போனில், "என்னக்கா, பொம்மை கிதாரா வாங்கியிருக்க?" என்றான்.

அந்தப் பொம்மையைத்தான் அவள் சோபாவில், மொட்டை மாடியில், ஒரு தடவை பாட்டி ஊருக்கு ரயிலில் போகும்போது மேல் பெர்த்தில் உட்கார்ந்துகூட வாசித்தாள். சொல்லி எடுக்கவைக்க வேண்டிய வேலை எனக்குப் போய், "போதும், தூங்கு" என்று சொல்கிற வேலை வந்தது. ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து கிட்டத்தட்ட 70 கிலோ இழுக்கும். நைலானில் 40 கிலோ பக்கம்தான். அந்த வித்தியாசம் விரலுக்குத் தெரிகிறது. (நைலான் கிதாரில் ஸ்டீல் கம்பி மாட்டிவிடாதீர்கள். அத்தனை இழுப்பைத் தாங்குகிற மாதிரி அதன் உடம்பைச் செய்வதில்லை, கம்பிகளின் அடி முனையைப் பிடித்திருக்கிற பிரிட்ஜ் பிய்ந்துகொண்டு வரும்.) புது நைலான் கம்பி முதல் ஒரு வாரம் நீண்டுகொண்டே இருக்கும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சுருதி இறங்கும். கிதார் கெட்டுவிட்டது என்று பயந்தோம். தலையில் கவ்வுகிற கிளிப் ட்யூனர் ஒன்று வாங்கியதும் அது அவளுக்கு விளையாட்டாகிவிட்டது.

சத்தம் எப்படி? பெரியதோடு ஒப்பிட்டால் கொஞ்சம் டப்பா மாதிரிதான். அடிச் சுருதியில் கனம் கிடையாது. மூன்றாம் வருஷம் டிரினிட்டி இசைத் தேர்வில் கிளாசிக்கல் முதல் கிரேடு இதிலேயே வாசித்துத் தேறினாள். ப்ளைவுட் முன்பலகை என்று நாங்கள் ஏளனமாக நினைத்தது சென்னைக் காற்றுக்கு வரமாக அமைந்தது. உப்பவும் இல்லை, விரியவும் இல்லை.

விலை உயர்ந்த கிதாரின் கதை வேறு. இடத்தை அடைக்கிறது என்று பெட்டியோடு பரணில் ஏற்றினோம். கம்பியைத் தளர்த்தவில்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற பரண், நடுவில் ஒரு முழு மே மாசம். அசல் மரத்துக்கு 45-லிருந்து 55 சதவீதம் ஈரப்பதம் சௌகரியம் என்கிறார்கள். நம் ஊரில் பல நாள் அது எழுபதைத் தாண்டும், அதோடு அந்த வெக்கை. இறக்கிப் பார்த்தபோது முன்பலகை லேசாகத் தொப்பை போட்டிருந்தது. பிரிட்ஜுக்குப் பின்னால் மாஸ்டர் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகினார், பாதிவரை உள்ளே போனது. 70 கிலோ இழுத்துக்கொண்டிருக்கும்போது சூட்டில் பசை இளகினால் வேறென்ன ஆகும். வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. பரணில் ஏற்றியது அவர்தான், ஏற்றச் சொன்னது நான்.

பிரிட்ஜைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டிச் செட்டப்பும் செய்து வாங்க ஒரு வாரம் ஆனது. இப்போது மூன்று கார்டு போகிறது, நாலாவது முட்டுகிறது. கம்பியும் .012 அங்குல கனத்திலிருந்து மெல்லிய .010-க்கு மாற்றியாயிற்று. மகளுக்குப் பதின்மூன்று, கையும் வளர்ந்துவிட்டது. போன தீபாவளியிலிருந்து இரண்டையும் மாற்றி மாற்றி எடுக்கிறாள். முதல் நாள் அதில் ஜி என்கிற கோர்டை (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) மீட்டிவிட்டு, கம்பி அடங்குகிறவரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். விலைக்கான சத்தம் அதில் இருக்கத்தான் செய்கிறது. ஸ்டீல் கம்பி மட்டும் இரண்டே மாசத்தில் கறுத்து விரலில் கோடு போடுகிறது. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் துடைக்கவைத்திருக்கிறேன். பூச்சுப் போட்ட கம்பி விலை அதிகம், ஆனால் கூட உழைக்கிறது.

ஐம்பதாயிரத்தோடு மறுபடி ஆரம்பிக்கச் சொன்னால்? கைக்கு அளவான ஒரு கிதார், வாங்கிய வாரமே செட்டப், கால் வைக்க ஒரு ஃபுட்ஸ்டூல், ட்யூனர், இரண்டு செட் கம்பி. மீதி முழுக்க மாஸ்டருக்கு. கண்டிப்பாக நல்ல பிராண்டில்தான் செலவழிப்பேன் என்றால் டெய்லர் ஜிஎஸ் மினி மாதிரி ஒன்று. 597 மில்லிமீட்டர் நீளம்தான், பெரியவர்களும் வாசிக்கிறார்கள், பிள்ளை வளர்ந்தாலும் வீணாகாது. தெரிந்தவர் வீட்டில் இருக்கிறது, மகள் மடியில் வைத்தாள், இறக்க மனசே வரவில்லை. அது அப்போதே எங்கள் பட்ஜெட்டில்தான் இருந்தது என்பது கூடுதல் வயிற்றெரிச்சல்.

இப்போது எலக்ட்ரிக் கிதார் கேட்கிறாள். அக்கூஸ்டிக்கில், அதாவது கரன்ட் இல்லாத சாதாரண கிதாரில், விரல் காய்த்துப்போகாமல் எலக்ட்ரிக் தொடக் கூடாது என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். மாஸ்டர் சிரித்தார். .009 கம்பி, மெல்லிய கழுத்து, தாழ்ந்த ஆக்‌ஷன் (கம்பி உயரம்), பிள்ளை விரலுக்கு அதுதான் லேசு என்கிறார். பார்க்க வேண்டியது எடையைத்தானாம். லெஸ் பால் என்கிற எலக்ட்ரிக் கிதார் வகை நாலு கிலோவைத் தாண்டும், பதின்மூன்று வயசுத் தோளுக்கு அது அதிகம். ஹெட்ஃபோன் போடுகிற சின்ன ஆம்ப் வாங்கினால் கீழ் வீட்டுக்காரர்களும் பிழைப்பார்கள்.

தம்பிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "அக்கா, காசப் பத்தி..." என்று ஆரம்பித்தான். இந்தத் தடவை போனை மகள் வாங்கிக்கொண்டாள். "மாமா, மொதல்ல கடைக்குப் போய் மடில வச்சுப் பாக்குறேன். அப்புறம் சொல்றேன்."

போன சனிக்கிழமை போனோம். மாட்டியிருந்ததில் நாலைந்தை இறக்கச் சொன்னாள். ஒன்றை மடியில் வைத்தாள், எழுந்து நின்று தோளில் மாட்டினாள், கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள் (அதுவும் முக்கியம்தானே). பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

"அம்மா, கார்டு குடு. மூணு."

கடைப் பையன் பில் மெஷினை எடுக்க ஓடினான்.