மாம்பழத்தைத் தரம் பிரிக்க ஒரு கேமரா மாட்யூல்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

நான் பயன்படுத்தும் 2 மெகாபிக்சல் கேமரா மாட்யூலின் விலை இறங்கியதைப் பார்த்துவிட்டு, காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் நண்பர், பழங்களை நகர்த்தும் தம் கன்வேயர் பெல்ட்டிலும் இதைப் பொருத்தலாமா என்று கேட்டார். கிருஷ்ணகிரிக்கு அருகே எங்கள் ஷெட்டில் பெங்களூரா, செந்தூரா மாம்பழங்களை நிறம் பார்த்துப் பழம், காய் எனப் பிரிக்க இதைத்தான் பயன்படுத்தி வருகிறேன் என்பதால், அவருக்குச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். லென்ஸிலும் தெளிவிலும் எனக்குக் குறையில்லை. என் பொறுமையைச் சோதிப்பது இதன் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது விளக்கொளியின் நிறச் சாயலைத் தானாகவே நீக்கி வெள்ளையை வெள்ளையாகக் காட்ட முயலும் வசதி, ஒன்றுதான்.

காட்சி முழுவதையும் சராசரி எடுத்தால் சாம்பல் நிறம் வரும் என்ற அனுமானத்தில் இது இயங்குகிறது. 1980-இல் ஆய்வாளர் புக்ஸ்பாம் நிறப் பார்வை பற்றி எழுதிய கட்டுரையோடு சேர்த்துப் பேசப்படும் இந்த அனுமானம், தெருவையோ வீட்டுக் கூடத்தையோ படம்பிடிக்கும்போது ஓரளவு பொருந்தும். ஆனால் ஃபிரேம் முழுக்கப் பழுத்த மாம்பழம் வரும்போது சிவப்பும் பச்சையும் மிகுந்து நீலம் அடிபட்டுப் போவதால், சென்சார் நீலத்தின் கெயினை (அந்த நிறத்தைப் பெருக்கும் அளவை) ஏற்றி மஞ்சளை வெளுக்க வைக்கிறது. அடுத்த லோடில் காய் வந்தால் பச்சையை அடக்கி மற்ற இரண்டையும் தூக்குகிறது. பழத்தையும் காயையும் பிரிக்க எந்த நிற வேறுபாட்டை நம்பியிருக்கிறோமோ, அதையே ஒளியின் கோளாறு என்று எண்ணித் துடைத்துவிடுகிறது. ஒரே பழத்தை, சுற்றிலும் காய் இருக்கும்போது ஒரு முறையும் பழம் இருக்கும்போது ஒரு முறையும் வைத்துப் பாருங்கள். இரண்டு வேறு பழங்கள் என்றே திரை சொல்லும்.

ஆட்டோவை அணைத்தால் வெயில், மேகமூட்டம், அலுவலகம், வீடு என நான்கு தயார் அமைப்புகள் கிடைக்கின்றன. எங்கள் எல்இடி விளக்குக்கு அவற்றில் ஒன்றும் ஒத்துவரவில்லை. கெயின்களை நாமே எழுதுவதற்கான ரெஜிஸ்டர்கள் (சென்சாருக்குள் அமைப்பு மதிப்புகளை வைக்கும் இடங்கள்) இருந்தும், தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாதிரி நிரலைத் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது கன்வேயரின் ஓரத்தில், கேமராவின் பார்வைக்குள், குழாய் மூட்டுக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைப் பல அடுக்காக ஒட்டி, கெயின்களைக் கணக்கிட அதையே வெள்ளைக்கு அளவுகோலாக வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் தாள் இதற்கு உதவாது, ஏனெனில் அதில் சேர்க்கப்படும் வெண்மையூட்டி, ஷெட்டுக்குள் வரும் பகல் ஒளியின் புறஊதாக் கதிரை வாங்கி நீலமாக ஒளிரும். ரா படத்தில் (சென்சார் எந்தத் திருத்தமும் செய்யாமல் தரும் படத்தில்) கருமை மட்டத்தை, அதாவது ஒளியே இல்லாதபோதும் வரும் அளவை, கழித்துவிட்டு, டேப்பின் பச்சைச் சராசரியைச் சிவப்புச் சராசரியால் வகுத்தால் சிவப்பின் கெயின் கிடைக்கும். நீலத்துக்கும் அதே கணக்குதான். மூன்றில் ஒரு நிறம் 255-ஐத் தொட்டுவிட்டாலும் விகிதம் பொய்யாகிவிடும் என்பதால் டேப்பின் அளவை 200-ஐ ஒட்டியே நிறுத்துகிறேன்.

எக்ஸ்போஷர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சென்சார் ஒளியை வாங்கும் நேரம்) விஷயத்தில் இதே மாட்யூல் என்னை மகிழ வைத்தது. வெளிச்சத்தை அளவிடும் பகுதியைப் பழம் ஓடும் நடுப்பட்டைக்கு மட்டும் சுருக்க முடிவதால், கறுப்பு பெல்ட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும் தொல்லை இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். எக்ஸ்போஷரை 10 மில்லிநொடியின் மடங்காக வைத்தவுடன் படத்தில் ஓடிக்கொண்டிருந்த குறுக்குப் பட்டைகள் அறவே மறைந்தன. நொடிக்கு 30 சென்டிமீட்டர் நகரும் பெல்ட்டில் 10 மில்லிநொடிக்குப் பழம் 3 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. அதற்கு மேல் வெளிச்சம் தேவைப்பட்டால் மூன்று நிறங்களுக்கும் பொதுவான கெயினைக் கூட்டிக்கொள்ளலாம். நாம் எழுதும் எக்ஸ்போஷர் மதிப்பு இரண்டு ஃபிரேம் கழித்தே படத்தில் தெரிவதால், ஒவ்வொரு ஃபிரேமிலும் முழுத் திருத்தம் செய்யாமல் பிழையில் ஒரு பகுதியை மட்டும் திருத்தும்படி எழுதினேன், வெளிச்சம் கூடிக் குறைந்து ஆடும் ஊசலாட்டம் நின்றுவிட்டது. மேகம் கடந்து வெயில் திரும்பும்போது பழத்தின் ஒளிர்வு பதறாமல் தன் நிலைக்கு வருவதைப் பார்ப்பது இன்றும் எனக்கு நிறைவு தருகிறது.

இவ்வளவு நல்ல சென்சார் என்றாலும் நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். மே தொடங்கி ஜூலைக்குள் முடியும் வேலையில் ஒயிட் பேலன்ஸோடு மல்லுக்கட்ட அவருக்கு நேரம் இருக்காது. கெயின் ரெஜிஸ்டர்களை டேட்டாஷீட்டில் வெளிப்படையாக எழுதித் தரும் மாட்யூலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதே அவருக்கு நல்லது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், கரண்ட் போய் வந்தவுடன் இது எல்லாவற்றையும் மறந்து மறுபடி ஆட்டோவுக்குத் திரும்பிவிடும் என்பதால், ஆட்டோவை அணைத்துக் கெயின்களை எழுதும் வரிகளை நிரலின் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.