புத்தகம் இல்லாத எம்டி 90: லண்டனில பதிஞ்சு மூண்டு வருசத்துக்கு மேல ஓடின அனுபவம்

2021 ஒக்டோபர்ல கென்ற் பக்கம் ஒரு வயசான வெள்ளைக்காரற்றை கராஜுக்குள்ள, தார்ப்பாயால மூடிக் கிடந்த ஒரு சிவப்பு ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிளை 950 பவுண்ஸ் குடுத்து வாங்கினனான். நம்பர் பிளேற் இல்லை, வண்டிப் பதிவுப் புத்தகம் இல்லை, யப்பான் பேப்பர் ஒண்டும் இல்லை, வாங்கினதுக்கான ரசீது கூட ஒரு பழைய கடித உறைக்குப் பின்பக்கத்தில மனிசன் எழுதித் தந்ததுதான். வானில ஏத்தி ஹறோவுக்குக் கொண்டுவந்து இறக்கேக்க மனிசி கேட்ட முதல் கேள்வி, "உதை றோட்டில விடேலுமோ?" ஓமெண்டு சொன்னனான். உண்மையில எனக்கே தெரியாது.

ஏன் எம்டி 90 எண்டு யாழ்ப்பாணத்து ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவைக்குச் சொல்லுறன். இது யப்பானில தபால்காரருக்கெண்டு ஹொண்டா செய்த 'சூப்பர் கப்' வகை மோட்டார் சைக்கிள், சின்ன 14 இஞ்சி சில்லு, ஒராள் சீற், பின்னுக்குப் பெரிய கரியர், கிளச் பிடிக்கத் தேவையில்லாத மூண்டு கியர். அங்க தபால் வேலை முடிஞ்சதுகள் பழைய சாமானா இலங்கைக்கு வந்து, எங்கட ஊரில எல்லாரும் ஓடினது. யுத்த காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் இல்லாமல் சின்னப் போத்தல்ல இருந்து நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி பிறகு மண்ணெண்ணெயில ஓடின வண்டி. 95 ஒக்டோபர் இடப்பெயர்வுக்கு அப்பா எங்கட எம்டியில அரிசி மூட்டையையும் அம்மம்மாவையும் ஏத்தி நாவற்குழிப் பாலத்தால தள்ளிக்கொண்டுதான் வந்தவர், ஓடுறதுக்கு சனத்துக்குள்ள இடம் எங்க. அதால அந்தக் கராஜுக்குள்ள தார்ப்பாயைத் தூக்கின உடன எனக்கு விலை பேசுற மூளை வேலை செய்யேல்லை, அதுதான் உண்மை.

சரி, ஏன் பேப்பர் இல்லை? களவு வண்டியோ எண்டுதான் எல்லாரும் முதல்ல நினைக்கிறது. யப்பானில 125 சிசிக்குக் கீழ உள்ள மோட்டார் சைக்கிளுகளை காருகள் மாதிரி பெரிய போக்குவரத்து அலுவலகத்தில பதியிறேல்லை, அந்தந்த நகரசபைதான் பிளேற் குடுக்கிறது, 90 சிசிக்கு மஞ்சள் பிளேற். ஓடி முடிஞ்சால் பிளேற்றைத் திருப்பிக் குடுத்துக் கணக்கை மூடுவினம், அப்ப ஒரு துண்டு தருவினம், அவ்வளவுதான். பிறகு ஏத்துமதிக்காரர் ஐம்பது அறுபதை மொத்தமா ஒரு கொண்டெய்னருக்குள்ள அடுக்கி அனுப்பேக்க எந்தத் துண்டு எந்த வண்டிக்கு எண்டு ஆர் பாக்கிறது. அதால பேப்பர் இல்லாத சின்ன யப்பான் சைக்கிள் எல்லாம் களவெண்டு இல்லை. அதுக்காக விசாரிக்காமல் வாங்கவும் கூடாது, ஏனெண்டால் இங்கத்தைய வண்டிகளுக்குச் செய்யிற மாதிரி ஒன்லைனில நம்பரைப் போட்டுப் பாக்கிற செக்கில இதுகள் வராது.

வித்தவர் சொன்ன ஒரே உறுதி, "நோவா செய்தாச்சு" எண்டது. இது விளங்காட்டி மிச்சம் ஒண்டும் விளங்காது, அதால கொஞ்சம் நிண்டு சொல்லுறன். 2013 ஏப்ரல் 15க்குப் பிறகு வெளிநாட்டில இருந்து பிரித்தானியாவுக்குள்ள வாற வண்டி எதெண்டாலும் 48 சிசிக்கு மேல எண்டால் 14 நாளுக்குள்ள எச்எம்ஆர்சி எண்டுற வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கவேணும், அந்த அறிவிப்புத்தான் நோவா. வற் வரி, சுங்கத் தீர்வை எல்லாம் சரியெண்டு அவை பாத்து ஓம் எண்டால்தான் வண்டி பதியிற அரச அலுவலகமான டிவிஎல்ஏயின்ரை கொம்பியூட்டரில அந்த வண்டி பதியிறதுக்குத் திறக்கும். அது இல்லாமல் நீங்கள் எத்தினை போம் நிரப்பினாலும் திரும்பி வரும். பேப்பர் இல்லாத இறக்குமதி வண்டி வாங்க நிக்கிற ஆக்கள் வயசு, எஞ்சின், விலை எல்லாத்துக்கும் முதல் கேக்கவேண்டியது இதைத்தான். நானும் கேட்டனான், அவரும் ஓமெண்டவர். எந்த நம்பருக்குச் செய்தது எண்டு கேக்கேல்லை. அந்த ஒரு கேள்விக்கு நான் குடுத்த விலை அஞ்சு மாசம்.

அடுத்தது வயசு. யப்பான் உள்ளூர் வண்டியளில 17 எழுத்து நம்பர் இல்லை, எம்டி90 எண்டு தொடங்கி ஒரு கோடு, பிறகு இலக்கம், அவ்வளவுதான். அதில வருசம் இல்லை. வருசத்துக்கு ஆதாரம் இல்லையெண்டால் 'கியூ' பிளேற் போட்டு விட்டுடுவினம், வயசும் அடையாளமும் தெரியாத வண்டி எண்டு அர்த்தம், இன்சூரன்ஸ்காரர் அதைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பினம், விக்கேக்கையும் விலை போகாது. இதுக்கு வழி டிவிஎல்ஏ ஏத்துக்கொள்ளுற கிளப் ஒண்டிட்ட திகதிச் சான்றிதழ் எடுக்கிறது. யப்பான் சைக்கிளுகளுக்கு வின்ரேஜ் ஜப்பனீஸ் மோட்டர்சைக்கிள் கிளப் இருக்கு, விஜேஎம்சி எண்டு சொல்லுவினம், 15 வருசத்துக்கு மேற்பட்டதெண்டால் பாப்பினம். நல்ல சனம், பொறுமையாப் பதில் எழுதுவினம். அவைக்கு வண்டியின்ரை படங்களும், பிரேம் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் பேப்பர் வைச்சுப் பென்சிலால தேய்ச்சு எடுத்த அச்சும் வேணும். சின்ன வயசில சல்லிக்காசுக்கு மேல கொப்பித்தாள் வைச்சுத் தேய்ப்பமே, அதேதான்.

தேய்ச்சன். ஒண்டும் வரேல்லை. ஏனெண்டால் தபால் சிவப்புக்கு மேல இன்னொரு சிவப்பு, அதுக்கு மேல ஆரோ துருவுக்கு அடிச்ச ஒரு மண்ணிறம், நம்பர் வெட்டின பள்ளம் முழுக்கப் பெயின்ற். கண்ணுக்கு நம்பர் ஓரளவு தெரியுது, கைக்குத் தட்டுப்படேல்லை. கம்பி பிறஷ் போடாதேங்கோ, சுரண்டினால் நம்பரில கை வைச்ச மாதிரித் தெரியும், பிறகு அதே ஒரு சந்தேகம் ஆகிடும். எனக்கு வெம்பிளியில கராஜ் வைச்சிருக்கிற அண்ணை ஒராள் சொன்னவர், "தம்பி, பெயின்ற் கழட்டுற ஜெல்லை பஞ்சில தொட்டு வைச்சிட்டு ரீ குடிச்சிட்டு வா, பழைய பல்லு பிறஷ்சால மெல்லமா எடு" எண்டு. மூண்டு தரம் அப்பிடிச் செய்ய அடியில வெறும் இரும்பு தெரிஞ்சுது, ரோர்ச்சை நேர பிடிக்காமல் பக்கவாட்டில பிடிச்சாத்தான் வெட்டின எழுத்தின்ரை நிழல் வடிவா விழும். அப்பதான் கண்டனான், கடைசிக்கு முதல் இலக்கம் 3 இல்லை, 8. பெயின்ற் நிரம்பி இடப்பக்கம் ரெண்டு வளைவும் மூடுப்பட்டதால 3 மாதிரித் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டுமில்லை, கொண்டெய்னரை இறக்கினவனுக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சிருக்கு. நோவா செய்தது உண்மை, 3 போட்ட ஒரு இல்லாத வண்டிக்கு.

இந்த இடத்தில எனக்கு உண்மையா வெறுத்துப் போச்சு. ரெண்டு கிழமை கராஜ் பக்கமே போகேல்லை. பிறகு வித்தவரிட்ட இறக்குமதி செய்தவற்றை பேரை வாங்கி (அந்த நிறுவனம் ஆரெண்டு இங்க வேண்டாம்) நாலு ஈமெயில், ஆறு போன். முதல்ல "அது எங்கட பிரச்சினை இல்லை" எண்டவை. கடைசியா அந்தக் கந்தோர்ல வேலை செய்யிற ஒரு பிள்ளை பாவம் பாத்து அந்தக் கொண்டெய்னரின்ரை சுங்கப் பத்திரம், சி88 எண்டுறது, அதோட வந்த வண்டிப் பட்டியலையும் அனுப்பிவிட்டுது. அந்தப் பட்டியல் யப்பானில அடிச்சது, அதில 8 எண்டு சரியா இருந்தது! பிழை இங்க வந்த பிறகுதான் நடந்திருக்கு. பட்டியல், சி88, பென்சில் அச்சு, பக்கவாட்டு வெளிச்சத்தில எடுத்த படம், உறைக்குப் பின்னால எழுதின அந்த ரசீது, எல்லாத்தையும் வைச்சு ஒரு பக்கக் கடிதம் எழுதி எச்எம்ஆர்சிக்கு அனுப்பினன். கதை எழுதேல்லை, என்ன பிழை, எது சரி, ஆதாரம் எது, அவ்வளவுதான். திருத்தித் தந்தவை. வற்றும் தீர்வையும் ஏற்கனவே கட்டுப்பட்டதால எனக்கு ஒரு சதமும் செலவில்லை. கட்டாமல் வந்த வண்டியெண்டால் அந்தக் கணக்கு முதல்ல தீரவேணும், அப்ப 950 பவுண்ஸ் மலிவெண்ட கதை போச்சு.

கிளப்பின்ரை திகதிச் சான்றிதழும் வந்துது. கடித உறையைக் கிழிச்சுப் பாத்தால் தயாரிச்ச வருசம் 1995.

எம்ஓடி, அதாவது வண்டி றோட்டில ஓடத் தகுதியோ எண்டு பாக்கிற வருசாந்தப் பரிசோதனை, லேசு. பதியாத வண்டிக்கும் பிரேம் நம்பரை வைச்சே எம்ஓடி செய்யலாம், கனபேருக்குத் தெரியாது, சில இடத்தில "பிளேற் இல்லாமல் ஏலாது" எண்டும் சொல்லுவினம், அடுத்த இடத்துக்குப் போங்கோ. மோட்டார் சைக்கிளுக்கு அவை எடுக்கக்கூடிய உச்சக் காசு 29.65 பவுண்ஸ். யப்பானும் எங்களை மாதிரி இடப்பக்கம் ஓடுற நாடெண்டபடியால் ஹெட்லைற் மாத்தத் தேவையில்லை, ஐரோப்பாவில இருந்து கொண்டு வாறவைக்கு அது தனிச் செலவு. பத்து வருசத்துக்கு மேற்பட்டதால எம்எஸ்விஏ எண்டுற தனி வண்டிப் பரிசோதனையும் தேவைப்படேல்லை. புது வண்டி பேப்பர் இல்லாமல் கொண்டுவாற ஆக்கள் அதை யோசிக்கவேணும்.

பிறகு வண்டியைப் பதியிறதுக்கான வி55/5 போம். இதை ஒன்லைனில இறக்கி அடிக்கேலாது, டிவிஎல்ஏயிட்டச் சொல்லி தபாலில எடுக்கவேணும், கூடவே வி355/5 எண்டு எப்பிடி நிரப்புறது எண்டுற தாளும் வரும், அதை வாசியுங்கோ. நான் வாசிக்கேல்லை. முதல் தரம் திரும்பி வந்துது, ரெண்டு பிழை, ரெண்டும் என்ரை பிழை. எஞ்சின் 89 சிசி, நான் பேரைப் பாத்து 90 எண்டு போட்டனான். சான்றிதழின்ரை கொப்பியை அனுப்பினனான், அவைக்கு ஒறிஜினல் வேணும். ரெண்டாந்தரம் கறுப்புப் பேனையால பெரிய எழுத்தில ஒவ்வொரு பெட்டியாப் பாத்து நிரப்பி, லைசென்ஸ் கொப்பி, எம்ஓடி, சான்றிதழ், பதிவுக்கான 55 பவுண்ஸ், முதல் வருச வரி எல்லாம் சேத்து பதிவுத் தபாலில சுவான்சியில இருக்கிற டிவிஎல்ஏக்கு. அனுப்ப முதல் எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி வைச்சனான், வண்டியின்ரை பூர்வீகம் முழுக்க ஒரே உறையுக்குள்ள போகுது எண்டு நினைக்க நெஞ்சு இடிச்சுது.

2022 மார்ச்சில புத்தகம் வந்துது. பிளேற் நம்பர் 'என்' எழுத்தில தொடங்குது, 95 ஓகஸ்ட்டில இருந்து 96 யூலை வரைக்குமான எழுத்து. புத்தகத்திலயே தெளிவாப் போட்டிருக்கு, இது உரிமைக்குச் சான்று இல்லை எண்டு, ஆர் வைச்சிருக்கிறது எண்டதுக்குத்தான். அதால அந்தக் கடித உறை ரசீதை இன்னும் பிளாஸ்ரிக் உறையுக்குள்ள போட்டு வைச்சிருக்கிறன், மனிசி சிரிக்கிறா.

ஓடின அனுபவம் எண்டு பாத்தால், எஞ்சின் ஒரு பிரச்சினையும் தரேல்லை. 40 மைல் வேகத்துக்கு மேல மனம் வராது, பெரிய றோட்டில லொறி பின்னால வந்தால் முதுகு கூசும், ஆனா கடைக்கு, வேலைக்கு, கோயிலுக்கு இதைவிட என்ன வேணும். மீற்றர் கிலோமீற்றரில இருந்தது, மைல் எழுதின ஒரு முகத்தாள் வாங்கி ஒட்டினன். எஞ்சின் சாமான் கனக்க சி90க்கு வாறதே சரி, ரயர்தான் தொல்லை, 17 இஞ்சி எங்கையும் இருக்கு, 14க்கு தேடவேணும். தபால்காரருக்கெண்டு ஹொண்டா கைபிடிக்குள்ள வைச்ச ஹீற்றர் இன்னும் வேலை செய்யுது, ஜனவரியில விடியக் காலமை அதைப் போட்டுக்கொண்டு போகேக்க யப்பானில எந்தப் பனிக்குள்ள ஆர் இதைப் பிடிச்சுக்கொண்டு கடிதம் குடுத்தானோ எண்டு நினைப்பன்.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. எம்டி 90 எண்டு இன்சூரன்ஸ்காரற்றை பட்டியலில இல்லை. ஒன்லைனில அடிபடாமல் போன் பண்ணிக் கதையுங்கோ, பழைய வண்டி பாக்கிற புரோக்கர் எண்டால் விளங்கும், பிரேம் நம்பருக்கே முதல்ல குடுத்து, பிளேற் வந்த பிறகு மாத்தி விட்டவை.

உண்மையான அடி 2023 ஓகஸ்ட் 29. அண்டைக்கு யூலெஸ், அதாவது புகை கூடின வண்டியளுக்கு நாளுக்குக் காசு எடுக்கிற வலயம், முழு லண்டனுக்கும் விரிஞ்சுது, ஹறோவும் உள்ள. 1995 வண்டி, 40 வருசம் ஆகேல்லை, அதால பழைய வண்டிச் சலுகையும் இல்லை, ஒரு நாளைக்கு 12.50 பவுண்ஸ். கடையில பால் வாங்கப் போனாலும் 12.50! இவ்வளவு பாடுபட்டுப் பதிஞ்சது இதுக்கோ எண்டு இருந்தது. பிறகுதான் விசாரிச்சால், சைக்கிளுக்கு அவை பாக்கிறது நைதரசன் ஒக்சைட் மட்டும், கிலோமீற்றருக்கு 0.15 கிராமுக்குள்ள எண்டால் வயசு பிரச்சினை இல்லை, ஆனா அதைக் காட்டவேண்டியது நாங்கள்தான். புகைச் சோதனை செய்து சான்றிதழ் எடுத்து லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல்க்கு அனுப்பினன், சின்ன நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் லேசாப் பாஸ். இப்ப காசு இல்லை. லண்டனுக்குள்ள இருக்கிற ஆக்கள் இந்தச் செலவையும் வண்டி விலையோட சேத்துப் பாத்துக்கொள்ளுங்கோ.

திரும்பவும் வாங்குவனோ எண்டால், வாங்குவன், ஆனா காசு எடுக்க முதல் பல்லு பிறஷ்சும் ரோர்ச்சும் கொண்டு போவன். பேப்பர் இல்லாததைக் கொஞ்சம் கொஞ்சமா உண்டாக்கலாம், நம்பர் பிழைச்சால் உண்டாக்கின அவ்வளவும் வேற வண்டிக்குப் போயிடும். தேய்ஞ்ச நம்பர், திரும்ப வெட்டின மாதிரி நம்பர், பிரேம் ஒரு மொடல் எஞ்சின் ஒரு மொடல், இப்பிடி ஏதும் கண்டால் எவ்வளவு மலிவெண்டாலும் தார்ப்பாயைத் திரும்ப மூடிட்டு வாங்கோ.

போன கிழமை மச்சான் ஒருத்தன் லெஸ்ரரில இருந்து போன் பண்ணினான், 400 பவுண்ஸுக்கு ஒரு சி70 கிடக்காம், பேப்பர் இல்லையாம், எடுக்கட்டோ எண்டு. பிரேம் நம்பரைப் பக்கவாட்டு வெளிச்சத்தில ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, வித்தவன் நோவா செய்த கடிதம் வைச்சிருந்தால் அதையும் அனுப்பு எண்டன். அனுப்பினது வண்டியோட தான் நிக்கிற செல்பி.