‘யூ அண்ட் ஐ’யா, ‘யூ அண்ட் மீ’யா?

“ப்ளீஸ் சென்ட் இட் டு ரவி அண்ட் ஐ.” அலுவலக மெயில்களில் இப்படி எழுதுபவர்கள் பெரும்பாலும் நல்ல ஆங்கிலம் படித்தவர்கள். சின்ன வயதில் “மீ அண்ட் ரவி வென்ட்” என்று சொல்லித் திட்டு வாங்கியிருப்பார்கள். “ரவி அண்ட் ஐ வென்ட்” என்ற அந்தத் திருத்தம் சரிதான், ஏனென்றால் அங்கே போனவர்கள் எழுவாய். ஆனால் மனதில் தங்கியது வேறு: ‘ஐ’ மரியாதை, ‘மீ’ கொச்சை. இந்தப் பயம்தான் வினை.

ரவியை எடுத்துவிட்டுப் படியுங்கள். “சென்ட் இட் டு ஐ” என்று யாரும் சொல்லமாட்டோம். அப்படியானால் “டு ரவி அண்ட் மீ” என்பதே சரி. ‘பிட்வீன்’ வரும்போது ஒருவரை எடுத்தால் வாக்கியம் நிற்காது. அப்போது இருவரையும் சேர்த்து மாற்றிப் பாருங்கள். “பிட்வீன் அஸ்” என்போம், “பிட்வீன் வீ” என்று சொல்வதில்லை. ஆகவே “பிட்வீன் யூ அண்ட் மீ”. ஷேக்ஸ்பியரின் ‘த மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ நாடகத்தில் அன்டோனியோவின் கடிதத்திலேயே “பிட்வீன் யூ அண்ட் ஐ” இருக்கிறது, உண்மைதான். ஆனால் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது ஷேக்ஸ்பியரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. எதற்கு வம்பு என்று இரண்டையும் விட்டுவிட்டு “கான்டாக்ட் மீனா ஆர் மைசெல்ஃப்” என்று எழுதுவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. அங்கே ‘மீ’ போதும்.

“இட் இஸ் ஐ”, “இட்ஸ் மீ” விஷயத்தில் நிலைமை வேறு. பழைய இலக்கணப் புத்தகங்கள் முதலாவதைத்தான் கேட்கும். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இயேசு கடல்மேல் நடந்து வரும் இடத்திலும் “இட் இஸ் ஐ” என்றே இருக்கிறது. ஆனால் இன்று கதவைத் தட்டிவிட்டு அப்படிச் சொன்னால் நாடக வசனம் போல ஒலிக்கும். இங்கே தயங்காமல் “இட்ஸ் மீ” சொல்லுங்கள்.

ஒப்பிடும்போது வரும் ‘தேன்’ (than) வந்தால்தான் நிஜமாகவே கவனம் தேவை. “ஷீ லைக்ஸ் யூ மோர் தேன் ஐ” என்றால், எனக்கு உன்னைப் பிடிப்பதைவிட அவளுக்கு உன்னை அதிகம் பிடிக்கும். “தேன் மீ” என்றால், அவளுக்கு என்னைவிட உன்னை அதிகம் பிடிக்கும் என்றுதான் இலக்கணப்படி பொருள். பேச்சில் இரண்டுக்கும் ‘மீ’யையே போடுவதால் குழப்பம் வரும். “தேன் ஐ டூ” என்றோ “தேன் ஷீ லைக்ஸ் மீ” என்றோ முழுசாக எழுதிவிட்டால் தகராறே இல்லை.

அப்புறம் ‘ஹூம்’. ‘ஐ’க்கு ‘மீ’ போல ‘ஹூ’வுக்கு ‘ஹூம்’. சான்றிதழ்களின் தலைப்பில் வருகிற “டு ஹூம்சோஎவர்” சரியானதே. ஆனால் பேச்சில் “ஹூ டிட் யூ மீட்?” என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.